கல்கண்டின் முதுகில் ஓர் இடம்

மீராசா மைமூனாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் மகளை உட்காரவைத்து, தன் முழங்காலால் அவளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வரும்போது தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வாங்க," என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "இவ கனத்துக்கிட்டே போறா, நான் மெலிஞ்சுக்கிட்டே போறேன். நமக்குப் பின்னாடி இவளை யாருங்க தூக்குவா?" என்று கேட்டாள். அவள் தினமும் கேட்கிற கேள்வி அது. அவரும் தினமும் போல, "எண்ணெய் மறக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் எண்ணெயோடு வந்தபோது மைமூனா கல்லருகில் சாய்ந்து கிடந்தாள். சம்சாத் காய்ந்துபோன சீயக்காய்த் தலையோடு, அம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். தூக்க வந்த பெண்களை அவள் தொடவிடவில்லை. மையவாடியில் மண் தள்ளிவிட்டு வந்து மீராசா முதலில் செய்த காரியம் மகளின் தலையை அலசிவிட்டதுதான்.

சம்சாத் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மூடியது போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். கையை நீட்டினால் அது வேறெங்கோ போய்விட்டுத்தான் நினைத்த இடத்துக்கு வரும். அவளிடம் இருந்த சொற்கள் கொஞ்சம்: அத்தா, சோறு, மழை, மொட்டை, போ. கடைசிச் சொல் வாசலில் அத்தா குதிரையிடம் பேசியதைக் கேட்டுக் கற்றது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் மைமூனா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பழனி அடிவாரத்துக் குதிரைவண்டி ஸ்டாண்டுக்குப் புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தாள். களைப்பாற ஓரமாக உட்கார்ந்தபோது, மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பக்தர், நல்ல மனசோடு, பிள்ளையின் மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனார். மைமூனா அந்தக் காசை எடுத்துக் கீழே வைத்தாள், சோற்றுத் தூக்கை வண்டியில் வைத்தாள், மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு சம்சாத் தெருவைப் பார்த்தது ஜன்னல் வழியாகத்தான். அந்த ஜன்னல் தாழ்வானது. அதில் ஊர் என்பது இடுப்புகளும் வேட்டிகளும் குதிரைக் கால்களுமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

மைமூனா போன பிறகு தூக்குவது மீராசாவின் வேலையாயிற்று. காலையில் பாயிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து ஜன்னலுக்கு, சாயங்காலம் ஜன்னலிலிருந்து பாய்க்கு. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவர் முதுகில் ஏதோ ஒரு கயிறு தெறிக்கிற மாதிரி இருக்கும். மைமூனா தினமும் கேட்ட கேள்வி அப்போதெல்லாம் பதில் கேட்டு நின்றது.

அவருடைய குதிரையின் பெயர் கல்கண்டு. பழுப்பேறிய கல்கண்டின் நிறத்தில் ஒரு பெட்டை. ஷேர் வண்டி இழுத்தே வளர்ந்தது. ஸ்டாண்டில் ஒரு முறை இருந்தது: இடம் நிறையாமல் வண்டி கிளம்பாது. ஒரு இடம் காலியாக இருந்தால் வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, "ஒரு ஆளு! ஒரு ஆளு! கிரிவீதி சுத்தி ஒரு ஆளு!" என்று கத்துவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் கல்கண்டுக்கு அது எலும்பில் இறங்கிவிட்டது. இடம் காலியாக இருந்தால் சாட்டையைக் காட்டினாலும் நகராது. கடைசி ஆள் உட்கார்ந்து வண்டி அழுந்தியதும் தானாகவே காலெடுத்து வைக்கும்.

அந்தக் குதிரையைத்தான் சலோமி டீச்சர் தேர்ந்தெடுத்தார். எண்ணெய்ச் செக்கு இருந்த பழைய காம்பவுண்டில், மற்றப் பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். குடையை ஊன்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து, "ஓடுற குதிரை வேண்டாம். நடக்கிற குதிரை வேணும்," என்றார்.

"எங்க குதிரைங்க எல்லாம் நடக்கிறதுதான் டீச்சர். ஓடுனா நாங்கதான் பயந்து இறங்கிருவோம்," என்றான் மச்சக்காளை. மீராசாவின் வண்டிக்கு அடுத்த வண்டிக்காரன், வாய் ஓயாதவன்.

"எதுக்கு டீச்சர், ஊர்வலமா?" என்று கேட்டார் மீராசா.

"பிள்ளைங்களை உக்காரவைக்க. குதிரை நடந்தா, மேல உக்காந்த பிள்ளையோட இடுப்பும் நடக்கும் பாய். நடந்தே பாக்காத உடம்புக்கு நடைன்னா என்னன்னு குதிரை காட்டிக் குடுக்கும்."

மீராசாவுக்கு வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. ஆனால் டீச்சர் பேசியது பிள்ளைகளைப் பற்றி. சம்சாத்துக்கு முப்பது தாண்டிவிட்டது. அவர் குதிரையை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தார்.

சேணம் இல்லாமல், பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை ஒன்றைக் குதிரையின் முதுகில் கட்டி, ஒரு பிள்ளையை ஏற்றி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடத்தினார்கள். குனிந்தே இருந்த ஒரு பெண் குழந்தை மூன்றாவது சுற்றில் தலையை நிமிர்த்தி வேப்பமரத்தைப் பார்த்ததைக் கண்டு அதன் அம்மா மரத்தையே கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் பிள்ளைகள் நிறையப் பேர், குதிரை ஒன்று. காத்திருக்கத் தெரியாத கவின் என்ற பையன் ஒவ்வொரு நாளும் தன் முறை வருவதற்குள் தலையைச் சுவரில் இடித்துக்கொள்வான். ஒருநாள் காலை அவன் அப்படிச் சுவரை நோக்கித் திரும்பியபோது, கல்கண்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது, மூச்சு முடிகிறபோது, பிசைந்த மாவை இழுத்தால் நீளுமே, அப்படி அதன் முதுகு ஒரு பிள்ளை உட்காருகிற அளவுக்கு நீண்டு, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, நின்றது.

மீராசா சலோமி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குதிரையின் முதுகைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் வகுப்பில் இடம் போதாமல் பார்த்தவர். "சரி, கவினை ஏத்துங்க," என்றார்.

அன்றிலிருந்து காத்திருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்கண்டு ஒரு இடம் நீண்டது. கால் நாலேதான். வயிறு தொங்கவில்லை, நடு முதுகு வளையவில்லை. எப்படி என்று கேட்டவர்களிடம் மச்சக்காளை, "சண்முகநதிப் பாலத்துக்கு நடுவுல எத்தனை தூண் இருக்குன்னு எண்ணிட்டா பஸ்ஸுல ஏறுன?" என்று திருப்பிக் கேட்டான். கால்நடை டாக்டர் நாடாவோடு வந்து ஒரு முறை அளந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை அளந்து, நாக்கையும் பல்லையும் பார்த்து, "நல்லா இருக்கா. தண்ணி மட்டும் கூடக் குடுங்க, போய்ச் சேர நேரமாகும்," என்றார். மெத்தைக் கடைக்காரர் வாராவாரம் வந்து ஒரு துண்டு கூட்டித் தைத்தார்.

லாயம் போதாமல் போனதும் கல்கண்டை மீராசாவின் வீடு இருந்த சந்திலேயே நிறுத்தினார்கள். சந்தின் மேல் முனை மேட்டுத் தெருவில் திறந்தது, கீழ் முனை பள்ளத் தெருவில். தலை மேட்டுத் தெருவில் இருந்தது, வால் பள்ளத் தெருவில். அங்கே பிள்ளைகள் தலையைத் தடவிக் கேரட் கொடுத்தார்கள். இங்கே லத்தி விழுந்தது. பள்ளத் தெருக்காரர்கள் கூட்டமாக வந்து, "முகம் அவங்களுக்கு, மத்தது எங்களுக்கா? இது எந்த ஊரு நியாயம்?" என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பிறகு பள்ளத் தெருவின் மல்லிகைச் செடிகள் குதிரை லத்தியில் ஆளுயரம் வளர்ந்து பூத்துக் கொட்டியதும் மேட்டுத் தெருக்காரர்கள் கூட்டமாக வந்து, "தலையைக் காட்டி எங்களை ஏமாத்திட்டீங்களேய்யா," என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒருநாள் தலை இங்கே, மறுநாள் தலை அங்கே என்று முடிவாயிற்று.

மலையைச் சுற்றிய வீதிகளிலும் ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. பஞ்சாமிர்தக் கடைகள் கூரைத் தகடுகளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டின. டிராபிக் போலீஸ்காரம்மா லாரிக்குத் தருகிற நேரத்தைக் கல்கண்டுக்கும் தந்தார். முனையில் திரும்பும்போது முன்னால் இருந்த பிள்ளைகள் ஒரு வீதியிலும் பின்னால் இருந்தவர்கள் இன்னொரு வீதியிலும் இருப்பார்கள். கட்டடத்தின் ஓரம் வழியாக ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பிரிந்து வெகுநாள் ஆனவர்கள் போலக் கையாட்டிக்கொள்வார்கள். மலையின் நிழலில் அந்த நீண்ட வெளிறிய முதுகு, மேலே பிள்ளைகள் எல்லோருடைய இடுப்பும் ஒரே தாளத்தில் இடமும் வலமும் அசைய, சத்தமில்லாமல் வளைந்து போகும்போது, காவடி தூக்கி வந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மேளக்காரர்களும் அடிப்பதை விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் வீதியில் நாலு குளம்புகளின் சத்தம் மட்டும் கேட்கும்.

பிறகுதான் யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. ஒருநாள் காலை எல்லாப் பிள்ளைகளும் ஏறிய பின்னும் ஒரு இடம் மிச்சம் இருந்தது. கல்கண்டு நகரவில்லை. மீராசா கழுத்தைத் தட்டினார், வெல்லம் காட்டினார். காதை மட்டும் ஆட்டியது. மச்சக்காளைதான் பழக்கதோஷத்தில் கையைக் குவித்துக் கத்தினான்: "ஒரு ஆளு! ஒரு ஆளு!" மற்ற வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டு தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனார்கள். பாத்திரக்கடை மாடியில், எப்போதும் சாத்தியிருக்கிற ஜன்னல் ஒன்று திறந்தது. அந்த வீட்டு மருமகள் எட்டிப் பார்த்து, "எவ்வளவு உசரமா இருந்தா ஏத்துவீங்க?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருப்பது எதிர்வீட்டுக்கே தெரியாது. பையனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். கல்கண்டு காலெடுத்து வைத்தது.

அதற்குப் பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. காலையில் ஒரு இடம் மிச்சமிருந்தால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். நெல் குதிர் வைத்திருந்த அறையிலிருந்தும், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்தும், "அவன் தூங்குறான்" என்று வருஷக்கணக்கில் சொல்லிவந்த உள்கட்டுகளிலிருந்தும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முதலில் வெட்கப்பட்ட குடும்பங்கள் பிறகு தங்கள் பிள்ளைக்கு எத்தனையாவது இடம் என்று பெருமை பேசின. "எங்க பொண்ணு முன்னால இருந்து நாலாவது," என்றால், "எங்க பையன் வாலுப் பக்கம், காத்து நல்லா வரும்," என்பார்கள்.

தை மாசம் பிறந்து பாதயாத்திரைக் கூட்டம் வரத் தொடங்கிய சமயம் கல்கண்டின் நடு முதுகில் மறுபடி ஒரு இடம் திறந்தது. வழக்கம்போலக் கத்திக்கொண்டு போனார்கள். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆயக்குடி வரைக்கும், பாலசமுத்திரம் வரைக்கும் போய்த் தட்டினார்கள். இருந்த பிள்ளைகளெல்லாம் ஏற்கெனவே முதுகின்மேல் இருந்தார்கள். கல்கண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளைகள் தினமும் வந்து ஏறி, ஆடாத முதுகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்கிப் போனார்கள்.

"உடம்பு மறந்துரும் பாய்," என்றார் சலோமி டீச்சர். "இளகின கையெல்லாம் மறுபடி இறுகுது. கவினைப் பாத்தீங்களா, நெத்தியில?"

மீராசா பார்த்திருந்தார். நெற்றியில் பழைய வீக்கம் திரும்பி வந்திருந்தது.

மச்சக்காளை ஒரு உப்பு மூட்டையைக் கொண்டுவந்து காலி இடத்தில் வைத்துப் பார்த்தான். கல்கண்டு கழுத்தை அவ்வளவு தூரமும் திருப்பி, மூட்டையைப் பார்த்துவிட்டு, அவனையும் ஒரு பார்வை பார்த்தது. "லக்கேஜுக்கும் சவாரிக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேக்குதுடா," என்றார் மீராசா. போலீஸ்காரம்மாவின் மகனை, துறுதுறுவென்று இருப்பவன், ஆசைக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவனுக்கு அந்தப் பள்ளம் பொருந்தவில்லை, வழுக்கி வழுக்கி இறங்கினான்.

அந்தக் காலி இடம், சந்தின் நடுவில் இருந்த மீராசாவின் வீட்டு முன்னால்தான் நின்றது. அவர் கடைக்குப் போகும்போது அதன் கீழே குனிந்து போனார். அரிசிப் பையோடு திரும்பும்போது அதன் கீழே குனிந்து வந்தார். முதுகு வலியில் ஒவ்வொரு தடவையும் குதிரையைத் திட்டினார். தேடிப் போகிறவர்கள் காலையில் அந்த வாசலில்தான் கூடினார்கள், அங்கே நின்றுதான் டீ குடித்தார்கள், எந்தத் தெரு யாருக்கு என்று அங்கேதான் பிரித்துக்கொண்டார்கள். மத்தியானம் தொண்டை கட்டித் திரும்பி வந்து அங்கேதான் உட்கார்ந்தார்கள். ஊரில் தட்டாத கதவு இல்லை என்றார்கள். எந்தக் கதவில் சாய்ந்துகொண்டு அதைச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, மீராசாவுக்கும் தோன்றவில்லை. அவர்கள் தேடியது குழந்தையை.

அந்த வாரத்தில் ஒருநாள் மகளைக் கல்லிலிருந்து தூக்கும்போது மீராசாவின் பிடி நழுவியது. விழவில்லை, சுவருக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரும் வரைக்கும் அப்படியே நின்றார். சம்சாத் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவளை ஜன்னலில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். எதிரே ஏறிய பிள்ளைகளோடு கல்கண்டு அசையாமல் நின்றது. சந்தின் இரண்டு முனைகளிலும் பாதயாத்திரைக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு யாருதான் வேணும்?" என்றார் குதிரையிடம், எல்லோர் முன்னாலும். "சொல்லித் தொலையேன்!"

அவருக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே சம்சாத்தின் கை வெளியே வந்தது. எங்கெங்கோ போய் அலைந்து, காற்றில் இரண்டு தடவை தவறி, குதிரையின் விலாவில் போய்ப் பட்டது. தோல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அங்கிருந்து இரண்டு பக்கமும், குளத்தில் கல் விழுந்த மாதிரி, ஒரு முனை தலைக்கும் ஒரு முனை வாலுக்குமாக ஓடியது. போகிற வழியெல்லாம் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளுகிளுத்தார்கள்.

"போ," என்றாள் சம்சாத்.

கல்கண்டு முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. தூக்கிய காலை முன்னால் வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தது. ஏற வேண்டிய ஆள் கண்ணில் பட்டுவிட்டால் ஸ்டாண்டில் அது அப்படித்தான் செய்யும்.

மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத் தெரு வரைக்கும் எல்லாத் தலைகளும் திரும்பின. மீராசாவும் திரும்பினார். அவர் வேகமாகப் போய் அந்தக் கையைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தார்.

"அவ பிள்ளை இல்ல டீச்சர். முப்பத்தி நாலு வயசு."

"வயசு கேட்டுச்சா பாய் குதிரை?" என்றார் சலோமி டீச்சர். அவர் அதுவரை அந்த ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தார். பார்த்துவிட்டு, "எத்தனை நாளா நான் உங்க வீட்டு வாசல்ல நின்னு டீ குடிக்கிறேன்," என்றார் மெல்ல.

மச்சக்காளை தலையில் அடித்துக்கொண்டான். "ஊரெல்லாம் கத்தித் தொண்டை போச்சே பாய்! இந்தக் கதவை மட்டும் தட்டலையேய்யா! சின்னதுல நான் மாங்கா நறுக்கிக் குடுத்த பிள்ளைய்யா அது!"

"காசு போடுவாங்க," என்றார் மீராசா.

"யாரு?"

"வெளியில வந்தா மடியில காசு போடுவாங்க. அவ அம்மாவுக்குப் பிடிக்காது." சந்தின் முனைகளில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். நல்ல மனசோடு வந்தவர்கள், கையில் சில்லறையோடு வந்தவர்கள்.

மச்சக்காளை ஜன்னலைப் பார்த்தான், குதிரையின் முதுகைப் பார்த்தான், தன் கையைத் தூக்கி அதன் உயரத்தோடு ஒத்துப் பார்த்தான்.

"அவ்வளவு உசரத்துக்கு எவன் கையி பாய் எட்டும்?" என்றான்.

மீராசா கதவைத் திறந்தார்.

அவருக்குத் தனியாகத் தூக்கத்தான் தெரியும். மற்றவர்களோடு சேர்ந்து தூக்கத் தெரியவில்லை. "நீங்க தலைப்பக்கம் போங்க," என்று டீச்சர் அவரை நகர்த்தினார். முதலில் சம்சாத் வேற்றுக் கைகளைக் கண்டு வீறிட்டாள். மீராசா அவள் காதருகே குனிந்து, "போ, போ," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். மச்சக்காளையும், இன்னும் இரண்டு வண்டிக்காரர்களும், பள்ளத் தெருப் பூக்காரரும், போலீஸ்காரம்மாவுமாக அவளைக் குறுகிய நிலைப்படி வழியே சாய்த்து வெளியே கொண்டுவந்தார்கள். வெயில் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. மெத்தையின்மேல் முதலில் குறுக்காகப் படுக்கவைத்தார்கள். பின்னிய கால்கள் பிரியவில்லை.

"இழுக்காதீங்க. சூடு ஏறட்டும்," என்றார் டீச்சர்.

எல்லோரும் நின்றார்கள். குதிரையின் உடம்புச் சூடு மெத்தை வழியாக ஏறியது. வெந்நீரில் போட்ட புளி போல, அந்தக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை மீராசா பார்த்தார். முப்பத்து நாலு வருஷமாக அவரும் மைமூனாவும் எண்ணெய் தேய்த்துப் பிரிக்கப் பார்த்த கால்கள், யாரும் தொடாமல், ஒன்று அந்தப் பக்கமும் ஒன்று இந்தப் பக்கமுமாக விலகின. அவளை நிமிர்த்தினார்கள். பள்ளம் அவளுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. முன்னால் ஒரு பெண் குழந்தை, பின்னால் கவின். தன்னைத் தொட்டால் கத்துகிற கவின், அவள் முதுகில் தன் வீங்கிய நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

முதுகு அழுந்தியது. கல்கண்டு நடந்தது.

மீராசா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். அந்தப் பாதம் தன் உள்ளங்கையில் முன்னும் பின்னும் போவதை உணர்ந்தார். அது ஒரு நடக்கிற ஆளின் பாதம். சந்தைத் தாண்டி, மேட்டுத் தெருவைத் தாண்டி, கிரிவீதியில் திரும்பியபோது சம்சாத் மூச்சை உள்ளே இழுத்தாள். ஜன்னலில் இடுப்பு வரைக்கும் மட்டுமே பார்த்த ஊருக்குத் தலைகள் இருந்தன. வீதி நிறைய, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், பெரிதும் சிறிதுமாக, வெயிலில் மஞ்சளாக மினுங்கிக்கொண்டு, அவளுக்குக் கீழே மிதந்தன. அதற்கு மேலே மலை. அதன் படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும். அதற்கு மேலே வானம், கம்பி இல்லாமல். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து, தன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கிழவரின் உச்சந்தலையைப் பார்த்தாள். அதில் முடி இல்லாத ஒரு வட்டம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை.

"அத்தா மொட்டை!" என்று கத்தினாள் சம்சாத்.

வீதி சிரித்தது. மீராசாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், உடுமலைப் பக்கத்தவர் போலிருந்தது, சுருக்குப் பையிலிருந்து காசெடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். கையை உயர்த்தினார், எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி எக்கினார், எட்டவில்லை. அண்ணாந்து சம்சாத்தின் முகத்தைப் பார்த்தவர், கையில் காசு இருப்பதை மறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துவிட்டார். அவர் பக்கத்தில் நின்றவர்களும் குவித்தார்கள். யாரோ "அரோகரா" என்றார்கள். வீதி முழுக்க அது போயிற்று. கல்கண்டு அதன் நடுவே, அவசரமில்லாமல், மலையைச் சுற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலை மீராசா மகளைத் தூக்கக் குனிந்தபோது கதவு தட்டப்பட்டது. மச்சக்காளையும் இன்னொருவனும். "இன்னைக்கு எங்க முறை," என்றான். ஸ்டாண்டில் வண்டி முறை போடுகிற மாதிரி இதற்கும் முறை போட்டிருந்தார்கள். "அவ குளிக்கணும், சாப்பிடணும், நீங்க போயிட்டு அப்புறமா வாங்கப்பா," என்றார் மீராசா. பூக்காரர் வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே கொல்லைப்புறத்தில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் மழைக்காலத்தில் மீராசா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு காலையில், அவர் கூப்பிடாமலே கதவு திறந்தது. "மெல்லடா, நிலைப்படி," என்று ஒரு குரல் கேட்டது. பிறகு சம்சாத்தின் குரல், வெளியிலிருந்து, உயரத்திலிருந்து, "மழை" என்றது. அவர் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

சம்சாத்துக்குப் பிறகு கல்கண்டு நீளவில்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், சிலர் வேறு ஊருக்குப் போனார்கள், சிலர் இறந்து போனார்கள், ஒவ்வொருவர் போகும்போதும் அவர்கள் இடம் மூடிக்கொண்டது. செத்தபோது அது மற்றக் குதிரைகளின் நீளம்தான் இருந்தது. குழி வெட்டியவர்கள் சாதாரணக் குழிதான் வெட்டினார்கள். அடுத்த வருஷம் மீராசாவும் போய்விட்டார். சலோமி டீச்சரின் பள்ளியில் இப்போது வேறு குதிரை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம்.

சம்சாத் அதே வீட்டில் இருக்கிறாள். காலையில் அவளைத் தூக்க இரண்டு பேர் வருகிறார்கள்.